வாளேந்திய கையும் நின்றுபோன காலும்

1986ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் ஜப்பானின் எனிக்ஸ் நிறுவனம், நின்டெண்டோவின் ஃபேமிகாம் என்னும் வீட்டுக் கன்சோலுக்காக வெளியிட்ட ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டில், தொடக்கம் முதல் முடிவு வரை வாட்சண்டைகள் நிறைந்திருந்தும், வாள் வீசப்படும் காட்சி ஒருமுறைகூடத் திரையில் தோன்றுவதில்லை. எதிரியின் உருவம் நேரெதிரே நிற்க, ஆடுபவர் பட்டியலிலிருந்து ‘தாக்கு’ என்னும் கட்டளையைத் தேர்ந்தெடுக்கிறார். எதிரி ஒரு கணம் மினுங்க, எத்தனை புள்ளி சேதம் விளைந்தது என்பதை ஒரு வரி எழுத்து தெரிவிக்கிறது. அந்த அடியின் வலிமையில் ஆடுபவரின் கைக்குப் பங்கில்லை. கதைத்தலைவனின் தாக்குவலிமையில் பாதியிலிருந்து எதிரியின் காப்புவலிமையில் கால் பங்கைக் கழித்து, கிடைத்த எண்ணைத் தற்செயலாக மாற்றும் ஒரு கணக்கே அதைத் தீர்மானிக்கிறது.

பாத்திரமேற்பு விளையாட்டு, அதாவது ஆடுபவர் ஒரு கற்பனை மனிதரின் இடத்தில் நின்று அவருடைய வளர்ச்சியைப் படிப்படியாக நடத்திச் செல்லும் விளையாட்டு, இவ்வாறு எண்களின்மேல் எழுந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசையைச் சுற்றி அமர்ந்து தாளும் பகடையும் கொண்டு ஆடப்பட்டது. அமர்ந்திருப்பவரின் தோள் வலிமை கதைக்குள் நுழைய வழியில்லாததால், பாத்திரத்தின் வலிமை தாளில் ஓர் எண்ணாக எழுதப்பட்டது. அந்த மரபை 1981இல் ‘விசர்ட்ரி’, ‘அல்டிமா’ ஆகிய இரண்டும் கணினிக்குக் கொண்டுவந்து பரப்பின. அவற்றில் ஈடுபாடு கொண்ட யூஜி ஹோரீ, ஓவியர் அகிரா டோரியாமா, இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமா ஆகியோருடன் இணைந்து, ஜப்பானிய வீடுகளில் ஏற்கெனவே குடிபுகுந்திருந்த ஃபேமிகாமில் அதையே எளிமையாக்கி ‘டிராகன் குவெஸ்ட்’ ஆகத் தந்தார். விரல் வேகம் இல்லாத முதியவரும், வேகமாக ஓடும் விளையாட்டுகளில் மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்காத சிறுவரும், பொறுமை ஒன்றை மட்டும் கொண்டு ஒரு மாவீரரின் கதையை முடிக்கலாம் என்பதே இந்த ஏற்பாட்டின் பெருந்தன்மை. தோற்றவர் மீண்டும் சென்று சிறிய எதிரிகளை வென்று அனுபவப் புள்ளி சேர்த்தால் பாத்திரம் வலுப்பெறும். ஆடுபவரின் உடல் மாற வேண்டியதில்லை.

இந்த மரபுக்குள் ஆடுபவரின் உடலையே கொண்டுவந்த கிளை விளையாட்டுகளே இச்சொற்பொழிவின் பொருள். கிளை விளையாட்டு என்பது ஒரு தொடரின் எண்ணிட்ட முதன்மை வரிசையில் சேராமல், அதன் உலகையும் உயிரினங்களையும் இசையையும் எடுத்துக்கொண்டு வேறொரு முறையில் ஆடப்படுவது. அவற்றுள் அசைவுக் கட்டுப்பாட்டைக் கைக்கொண்டவை, அதாவது பொத்தானை அழுத்துவதற்குப் பதிலாகக் கையை வீசியும் சாய்த்தும் சுட்டியும் ஆடப்படுபவை, எண்ணிக்கையில் சிலவே. பெரும்பாலும் பாராட்டின்றிக் கடந்துபோனவை. ஆயினும் அவை எழுப்பிய கேள்வி சிறியதன்று. கைக்கு வாளைக் கொடுத்தால் எண்களின் ஆட்சி என்னாகும் என்றே பலரும் அஞ்சினர். எண்கள் உண்மையில் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன; இழப்பு நேர்ந்தது ஆடுபவரின் கால்களுக்கு. ஊர் ஊராகத் தன் விருப்பப்படி அலையும் உரிமையே இவற்றில் முதலில் பறிபோனது.

முதல் முயற்சி கன்சோலே இல்லாமல் நடந்தது. ஸ்குவேரும் எனிக்ஸும் 2003 ஏப்ரலில் ஒன்றிணைந்த பின், அதே ஆண்டு செப்டம்பரில் ‘கென்ஷின் டிராகன் குவெஸ்ட்’ என்னும் தனிக் கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சியில் நேரடியாக இணைக்கப்படும் அக்கருவியுடன் வாள் வடிவக் கன்ட்ரோலர் ஒன்று தரப்பட்டது. அகச்சிவப்பு ஒளியின் துணையால், அதாவது கண்ணுக்குப் புலப்படாத, சிவப்பைவிட நீண்ட அலைநீளமுள்ள ஒளியின் துணையால், வாளின் வீச்சைக் கருவி கண்டறிந்தது. தொடரின் முதல் விளையாட்டின் உலகத்தை அடிப்படையாகக் கொண்டிருந்த இதில், பதினேழு ஆண்டுகளாக எழுத்து வரியாக மட்டுமே இருந்த வெட்டு முதன்முறையாகத் தோளின் வேலையாயிற்று.

இத்தகைய மாற்றத்தை முதன்மை வரிசையில் செய்ய முடியாது என்பது மூன்றே ஆண்டுகளில் தெளிவாகியது. ‘டிராகன் குவெஸ்ட் 9’ 2006 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது, அதன் சண்டைகள் உடனுக்குடன் நிகழும் அதிரடி முறையில் காட்டப்பட்டன. ஜப்பானிய ரசிகர்களிடையே கிளம்பிய எதிர்ப்புக்குப் பின், 2009 ஜூலையில் வெளிவந்த விளையாட்டில் பழையபடி முறைவைத்துக் கட்டளையிடும் சண்டையே இருந்தது. ஒரு தொடரைத் தலைமுறையாகக் காத்துவரும் மக்கள் அதன் மையத்தில் கைவைக்க விடுவதில்லை. விளிம்பில் நடப்பதை மட்டும் பொறுத்துக்கொள்வர். கிளை விளையாட்டுகளை வணிகத் துணுக்குகள் என ஒதுக்கும் விமர்சகர்கள் இதைக் காணத் தவறுகின்றனர். முதன்மைத் தொடருக்கு மறுக்கப்பட்ட சோதனைகளுக்கு இடம் கிடைத்தது அங்கேதான்.

அந்த விளிம்பில் 2007 ஜூலை 12ஆம் நாள் ஜப்பானில் வெளியாகி, அடுத்த ஆண்டில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் அடைந்த ‘டிராகன் குவெஸ்ட் ஸ்வோர்ட்ஸ்’ இவ்வகையின் முழுமையான சான்று. அதை உருவாக்கிய நிறுவனங்களுள் ஒன்றான ஜீனியஸ் சொனாரிட்டியை நிறுவியவர் மனாபு யமனா. முதன்மைத் தொடரின் ஆறாம், ஏழாம் விளையாட்டுகளைச் செய்த ஹார்ட்பீட் நிறுவனமும் அவருடையதே. ஆகவே தொடரை அறியாத அந்நியர் கையில் ஒப்படைக்கப்பட்ட வேலை இது என்று சொல்வதற்கில்லை. பாத்திரங்களை டோரியாமா வரைந்தார். சுகியாமாவின் பழைய மெட்டுகளுடன் மனாமி மட்சுமயே புதிய இசையைச் சேர்த்தார். ஆங்கிலப் பதிப்பில் அவலோனியா என்று பெயர்பெறும் நாட்டில், பதினாறு வயது நிரம்பிய இளைஞன் ஒருவன் தன் தகுதியை மெய்ப்பிக்கும் சடங்குக்குப் புறப்படுவதில் கதை தொடங்குகிறது. 1988இல் வெளியான மூன்றாம் விளையாட்டின் தலைவனும் தன் பதினாறாம் பிறந்தநாளில்தான் வீட்டைவிட்டுப் புறப்பட்டான் என்பதை ஜப்பானிய ரசிகர்கள் உடனே உணர்ந்திருப்பர்.

இவ்விளையாட்டு இயங்கிய கன்சோல் நின்டெண்டோவின் வீ. 2006 நவம்பர் 19ஆம் நாள் அமெரிக்காவிலும் டிசம்பர் 2ஆம் நாள் ஜப்பானிலும் வெளிவந்து, பத்துக் கோடிக்கு மேல் விற்ற அக்கன்சோலின் கன்ட்ரோலர், தொலைக்காட்சி ரிமோட் போன்ற நீண்ட வடிவில் ஒரு கைக்குள் அடங்கியது. அதற்குள் இரண்டு உணரிகள் இருந்தன. ஒன்று முடுக்கமானி: ஒரு பொருளின் வேகம் எந்தத் திசையில் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதை மூன்று அச்சுகளில் அளக்கும் சிறு சில்லு. மற்றொன்று முனையிலிருந்த அகச்சிவப்புக் கேமரா: தொலைக்காட்சியின் மேலோ கீழோ வைக்கப்படும் பட்டையில் எரியும் இரண்டு விளக்குத் தொகுதிகளைப் பார்த்து, ரிமோட் திரையின் எந்தப் புள்ளியைச் சுட்டுகிறது என்று கணிப்பது. அந்தப் பட்டையை உணரிப் பட்டை என்று அழைத்தாலும் அதற்குள் உணரி எதுவும் கிடையாது, வெறும் விளக்குகளே. அதனிடத்தில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிவைத்தும் ஆடலாம்.

வாள்வீச்சுக்கு இந்த இரண்டும் போதாதவை என்பதை விளக்கியாக வேண்டும், ஏனெனில் ‘ஸ்வோர்ட்ஸ்’ விளையாட்டின் வடிவமே இப்போதாமையிலிருந்து பிறந்தது. முடுக்கமானி புவியீர்ப்பையும் கையின் வீச்சையும் ஒன்றாகவே உணர்வதால், ரிமோட் சாய்ந்திருக்கிறதா நகர்கிறதா என்பதை அதனால் தெளிவாகப் பிரித்தறிய இயலாது. வேகமாற்றத்தை இருமுறை கூட்டித் தொகுத்து இடத்தைக் கணிக்க முயன்றால் சிறு பிழைகள் சில நொடிகளில் பெருகிவிடும். மேலும் அச்சில்லு புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வரைதான் அளப்பதற்கென வடிவமைக்கப்பட்டது. முழுத் தோளையும் சேர்த்து வீசும் ஒருவர் அந்த எல்லையை எளிதில் தாண்டுவார். கேமராவோ கை ஓரத்துக்குச் சென்றதும் விளக்குகளைத் தவறவிட்டுக் குருடாகிவிடும். எனவே கையின் பாதையை அப்படியே திரையில் வரைவது இயலாத காரியம். ஏதோ ஒரு வீச்சு நடந்தது, அது ஏறத்தாழ இந்தத் திசையில் சென்றது என்னும் அளவிலேயே கருவியின் அறிவு நின்றது.

வடிவமைப்பாளர்கள் இக்குறையை மறைக்க முயலாமல் அதற்கேற்ப விளையாட்டைக் கட்டினர் என்பதே அவர்களுடைய திறமை. கிடைவெட்டு, நெடுவெட்டு, சாய்வெட்டு, திரையை நோக்கிய குத்து என வீச்சுகள் சில வகைகளாகச் சுருக்கப்பட்டன. வெட்டு எந்தப் புள்ளியின் வழியே செல்ல வேண்டும் என்பதை ஆடுபவர் முன்கூட்டியே சுட்டி நிலைநிறுத்திக்கொள்ளலாம். அதனால் வீச்சின் நடுவே கேமரா குருடானாலும் குறி தவறாது. ஒரு பொத்தானை அழுத்தினால் கேடயம் திரையில் தோன்றும். பாய்ந்துவரும் அம்பும் நெருப்பும் எங்கே விழும் என்று பார்த்து அதை அங்கே நகர்த்த வேண்டும். சில எறிபொருள்களைச் சரியான கணத்தில் வெட்டினால் எய்தவர் பக்கமே அவை திரும்பிப் பாயும். தொடரின் அடையாளமான நீலத் துளி வடிவ ஸ்லைம்கள் வரிசையாக நிற்க, ஒரே கிடைவெட்டில் அத்தனையும் சிதறும்போது, எதிரிகளை நிறுத்தும் இடமே வாளின் இலக்கணமாகிவிடுகிறது. எழுத்து வரியில் இருபது ஆண்டுகள் நிகழ்ந்துவந்த சண்டையை இவ்வளவு நேர்மையாக உடலுக்கு மாற்றிய படைப்பு வேறில்லை எனலாம்.

எண்களும் அங்கே அழியவில்லை. அனுபவப் புள்ளிகளும் படிநிலையும் கடையில் வாங்கும் வாளும் கவசமும் இருந்தன. வெட்டு பட்டதா என்பதைக் கை தீர்மானித்தாலும், பட்ட வெட்டு எவ்வளவு புண்படுத்தியது என்பதில் பாத்திரத்தின் வலிமைக்கே பெரும்பங்கு. கதைத்தலைவனுக்கு மந்திரம் கிடையாது. உடன்வரும் ஒரு துணைவரே மந்திரங்களை ஏவுவார். வாளைத் தவிர வேறு எதையும் கை செய்ய வேண்டியிராத வகையில் வேலைகள் பகுக்கப்பட்டிருந்ததில் மிகுந்த சிந்தனை தெரிகிறது.

ஆனால் கால்? ரிமோட் ஒரே நேரத்தில் வாளாகவும் கேடயமாகவும் சுட்டியாகவும் இருந்ததால், நடப்பதற்கும் திரும்புவதற்கும் அதில் இடம் மிஞ்சவில்லை. வீ கன்சோலுக்கு நன்சக் என்னும் துணைக் கன்ட்ரோலர் இருந்தது. இடக்கைக்குரிய அதில் நடை திசையைக் காட்டும் குச்சியும் உண்டு. ஆயினும் அது வடத்தால் ரிமோட்டுடன் பிணைக்கப்பட்டிருந்தது, வாள் வீசும் கைக்கு அது தளை. ‘ஸ்வோர்ட்ஸ்’ அதைப் பயன்படுத்தவே இல்லை. விளைவாகக் காடும் குகையும் கோபுரமும் முன்பே வரையப்பட்ட பாதைகளாயின. ஆடுபவர் அப்பாதையில் முன்செல்வார், சற்றுப் பின்வாங்குவார், கிளை பிரியும் இடத்தில் ஒன்றைத் தேர்வார். வழியை விட்டு விலகிப் புல்வெளிக்குள் இறங்க முடியாது. முதன்மைத் தொடரின் ஒரு விளையாட்டு நாற்பது மணிநேரம் கடந்து நீள, இதன் கதையைப் பத்து மணிநேரத்துக்குள் முடித்துவிடலாம் என்பதும் இதன் விளைவே, ஏனெனில் முதன்மை விளையாட்டுகளில் நேரத்தை நிறைத்தது சண்டையைவிட அலைச்சல்தான். எந்தக் கிணற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, மலைக்கு அப்பால் தெரியும் ஊரை வலிமை போதுமா என்று அறியாமலே நோக்கி நடப்பது, பாதி வழியில் அஞ்சித் திரும்புவது ஆகிய இவையெல்லாம் காலின் செயல்கள். டிராகன் குவெஸ்ட் என்னும் பெயரில் மக்கள் நேசித்ததில் பெரும்பகுதி இதுவே. வாள் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் இந்த இழப்பை அது ஈடுசெய்யவில்லை என்றே சொல்ல வேண்டும்.

கைக்கு இடங்கொடுக்க உலகமே மாற்றியமைக்கப்பட்ட வேறொரு சான்றும் அக்காலத்தில் உண்டு. ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ட்விலைட் பிரின்சஸ்’, துல்லியமாகப் பார்த்தால் பாத்திரமேற்பு வகையைச் சேராத விளையாட்டாயினும், இங்கே கருதத்தக்கது. அதன் தலைவன் லிங்க் இடக்கையால் வாளேந்துபவன். வீ ரிமோட்டைப் பெரும்பாலோர் வலக்கையில் பிடிப்பர் என்பதால், 2006இல் வெளியான வீ பதிப்பில் முழு விளையாட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாற்றப்பட்டது. கிழக்கு மேற்காயிற்று. அத்தொடரின் 2011ஆம் ஆண்டுப் படைப்பான ‘ஸ்கைவார்ட் ஸ்வோர்ட்’ விளையாட்டிலோ, திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோஸ்கோப் கொண்ட மோஷன்பிளஸ் இணைப்பு கட்டாயமாக்கப்பட்டதால், வெட்டின் திசையைக் கருவி நம்பிக்கையோடு அறிந்தது. ‘ஸ்வோர்ட்ஸ்’ விரும்பியதும் பெறாததும் அதுதான்.

ஸ்குவேர் எனிக்ஸின் மற்றொரு பெருந்தொடர் எதிர்த்திசையில் சென்று வேறொன்றை இழந்தது. 2009 நவம்பரில் வெளியான ‘ஃபைனல் ஃபேன்டசி கிரிஸ்டல் கிரானிகிள்ஸ்: தி கிரிஸ்டல் பேரர்ஸ்’ நன்சக்கையும் ஏற்றுக்கொண்டதால், அதன் தலைவன் லேல் விருப்பம்போல் நடக்கிறான், தொடாமலே பொருளைப் பற்றி இழுத்து எறியும் அவனுடைய ஆற்றல், ரிமோட்டின் சுட்டியை வைத்தே உருவானது. ஆனால் அதில் அனுபவப் புள்ளி சேர்த்துப் படிநிலை உயரும் வழக்கமான ஏற்பாடு இல்லை. கால் பிழைக்க எண் பலியாயிற்று. பாத்திரமேற்பு விளையாட்டு என்று அதை அழைப்பது பெயரளவில்தான் பொருந்தும்.

மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட், கையில் எதையும் பிடிக்காமலே உடலைக் கண்டறியும் கருவி. 2010 நவம்பரில் வெளியான அது அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுதும் தெளித்து, அவை விழும் முறையிலிருந்து ஆழத்தைக் கணித்து, மனித உடலின் இருபது மூட்டுகளை இனங்கண்டது. இங்கிலாந்தின் லயன்ஹெட் நிறுவனம் 2004இல் தொடங்கிய ‘ஃபேபிள்’ தொடரின் கிளையாக 2012 அக்டோபரில் வந்த ‘ஃபேபிள்: தி ஜர்னி’ இதைக் கொண்டே ஆடப்பட்டது. வலக்கையை நீட்டினால் மந்திரக்கணை பாயும். பாய்ந்த பின்னும் கையை அசைத்து அதன் போக்கை வளைக்கலாம் என்பது மெய்யாகவே அழகான கண்டுபிடிப்பு. ஆனால் கேமராவை நேராகச் சுட்டும் கை தன் பின்னாலுள்ள தோளை மறைத்துவிடுவதால், கருவி எது கை எது தோள் எனக் குழம்பியது. அதைவிடப் பெரிய தடை, கைகளுக்கு வேலை கொடுத்த பின் கால்களுக்கு எந்தக் கருவியும் இல்லாதது. தீர்வாக ஆடுபவர் நாற்காலியில் அமர்த்தப்பட்டார். கதைத்தலைவன் கேப்ரியல் குதிரை வண்டியில் அமர்ந்தான். இரு கைகளையும் நீட்டி இல்லாத கடிவாளத்தைப் பிடிக்க, செரன் என்னும் குதிரை அவர்களுக்காக நடந்தது. அமர்ந்த உடலுக்கும் அமர்ந்த தலைவனுக்கும் இடையே பொருத்தம் கண்ட அந்த யோசனை மதிக்கத்தக்கதாயினும், நல்வழியையும் தீவழியையும் ஆடுபவரே தேர்ந்து தன் முகத்தோற்றமே மாறக்காணும் தொடரில், வண்டி செல்லும் சாலையே விதியாகிப் போனது.

இந்த முரணை ஓரளவு தீர்த்தவர்கள் பேராசையைக் குறைத்துக்கொண்டவர்களே. 2018 நவம்பரில் ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்து ஒரு கோடிக்கு மேல் விற்ற ‘போகிமான்: லெட்ஸ் கோ’ இணை விளையாட்டுகள், சிறிய ஜாய்கான் கன்ட்ரோலரில் கட்டைவிரலுக்கு நடையையும் மணிக்கட்டுக்குப் பந்தெறிதலையும் பிரித்தளித்தன, அதற்கு விலையாகக் காட்டுப் போகிமான்களுடன் முறைவைத்துப் போரிட்டுப் பிடிக்கும் பழைய வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் தோக்கியோவின் ஷின்ஜுக்கு பகுதியில் இயங்கிய விஆர் ஜோன் என்னும் மெய்நிகர் விளையாட்டு மையத்தில் ‘டிராகன் குவெஸ்ட் விஆர்’ திறக்கப்பட்டபோது, கண்ணை மூடும் திரையையும் முதுகில் கணினியையும் அணிந்த நால்வர், இரு வீரர்களாகவும் ஒரு குருவாகவும் ஒரு மந்திரவாதியாகவும், ஓர் அறைக்குள் உண்மையாகவே நடந்து உண்மையாகவே வாள் வீசினர். கையும் காலும் ஒன்றாகக் கிடைத்த அந்த உலகம் ஓர் அறையின் சுவர்களோடு முடிந்தது. அந்த மையமும் 2019 மார்ச்சில் மூடப்பட்டது.

2019 செப்டம்பர் 12ஆம் நாள் கைபேசிக்கு வெளியான ‘டிராகன் குவெஸ்ட் வாக்’ இந்த வரலாற்றைத் தலைகீழாக்கியது. அதில் ஆடுபவர் தம் ஊரின் தெருக்களில் நடக்க, நடந்த இடமெல்லாம் வரைபடத்தில் விளையாட்டின் நிலமாகிறது. சண்டையோ 1986இல் இருந்ததுபோல் கட்டளையும் எண்ணுமே, அதையும் தானே நடத்திக்கொள்ளும்படி விட்டுவிட்டு நடந்துகொண்டிருக்கலாம். கை ஓய்ந்தது, கால் மீண்டது. ஜப்பானில் அது பெற்ற நீடித்த வரவேற்பு, இந்தத் தொடரின் உயிர் வாளில் அல்லாமல் வழியில் இருந்தது என்னும் கருத்துக்கு வலுவூட்டுகிறது.

இறுதியாகக் கவலைக்குரிய ஒன்று உண்டு. மூன்றாம் டிராகன் குவெஸ்ட் 2024இலும் முதலிரண்டும் 2025இலும் புதுமெருகுடன் மீண்டும் வந்தன. கட்டளையும் எண்ணும் எந்தக் கருவிக்கும் இடம்பெயரும். ‘ஸ்கைவார்ட் ஸ்வோர்ட்’ 2021இல் மறுபதிப்பானபோது, வீசத் தேவையின்றிக் குச்சியைச் சாய்த்து வெட்டும் மாற்றுவழி சேர்க்கப்பட்டது. ‘டிராகன் குவெஸ்ட் ஸ்வோர்ட்ஸ்’ மட்டும் வீ கன்சோலின் வட்டிலேயே நின்றுவிட்டது. அதன் நிரலைப் பிரதியெடுத்துக் காப்பது எளிது. ஆனால் ரிமோட்டும் விளக்குப் பட்டையும் வேலைசெய்யும் நிலையில் இல்லாதபோது, வரிசையாக நிற்கும் ஸ்லைம்கள் ஏன் அப்படி நிற்கின்றன என்பதை அந்த நிரலிலிருந்து மட்டும் எவரும் அறிய முடியாது. விளையாட்டுகளைப் பாதுகாக்கும் காப்பகங்கள், கருவிகளைப் பழுதுபார்த்து வைப்பதோடு, ஆடுபவர் நின்று வீசுவதைப் படம்பிடித்து, எந்த வீச்சுக்கு எந்த வெட்டு விழுந்தது, எது தவறிப்போனது என்னும் குறிப்புகளோடு சேர்த்து வைப்பது அவசியம். வீ கன்சோலோடு வளர்ந்தவர்கள் இன்னும் இளமையோடு இருக்கும் இப்போதே அப்பணி தொடங்கப்பட வேண்டும்.